காலையில் மட்டும் நடுங்கும் கியர்பாக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். புகார் கிட்டத்தட்ட ஒன்றுதான்: காலையில் எடுத்ததும் வண்டி நடுங்குகிறது, சூடு ஏறினால் சரியாகிவிடுகிறது. கடிதங்களில் இருந்த கம்பெனி பெயர்களை விட்டுவிட்டோம். கியர்பாக்ஸ் எந்த வகை, நடுக்கம் எந்த நேரத்தில் வருகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

கே: 2016 மாடல் டீசல் செடான், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். 84,000 கி.மீ. ஓடியதை மூன்று மாதம் முன்பு வாங்கினேன். காலையில் கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. பிறகு 45-லிருந்து 60 வேகத்துக்குள், லேசாக மிதித்தபடி போகும்போது, ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள் மேல் ஏறின மாதிரி இரண்டு மூன்று விநாடி ‘டர்ர்’ என்று நடுங்கும். பதினைந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? — வாசகர், கோத்தகிரி

ப: இப்போதைக்கு இறக்க வேண்டாம். ‘கிளம்பின உடனே இல்லை, இரண்டு மூன்று கிலோமீட்டர் கழித்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் கிடையாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் எண்ணெய்தான் இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. எண்ணெய் மட்டும் கடத்தினால் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும், டீசலும் வீணாகும். அதனால் கன்வெர்ட்டருக்குள்ளேயே லாக்கப் கிளட்ச் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேகம் ஒரு அளவுக்கு வந்து, கால் லேசாக இருக்கும்போது, அது மெல்லப் பிடித்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். எண்ணெய் ஓரளவு சூடாகும்வரை இந்தப் பூட்டைப் போட கண்ட்ரோல் யூனிட், அதாவது கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டர், பெரும்பாலும் அனுமதிக்காது. முதல் இரண்டு கிலோமீட்டர் அமைதியாகப் போய், அதற்குப் பிறகு நடுக்கம் ஆரம்பிப்பதால் சந்தேகம் நேராக லாக்கப் மேல் விழுகிறது.

கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சாக்பீஸ் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி, மறுபடி வழுக்குவதால் வருகிற சத்தம் அது. லாக்கப் கிளட்சும் பிடிக்கிற நேரத்தில் அதைத்தான் செய்கிறது. புது எண்ணெயில் இந்த ஒட்டலையும் வழுக்கலையும் சமன் செய்ய சில சேர்மானங்கள் இருக்கும். ஓட ஓட, சூட்டில் அவை தீர்ந்துபோகும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சம் சூடான எண்ணெயில் சமாளித்துவிடும். மலையின் காலைக் குளிரில், கெட்டியான எண்ணெயில், அதற்கு எடுபடாது. எண்ணெயில் ஈரம் கலந்திருந்தாலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குகளில் இந்த நடுக்கம் பெரிய புகாராக எழுந்தபோது, அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சொன்ன வைத்தியம் எண்ணெயை முழுசாக வேறு வகைக்கு மாற்றுவதுதான்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை. பின்னால் வண்டி வராத, நேரான, சமதளச் சாலையில் 50–55 வேகத்தில் போங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் தயவுசெய்து வேண்டாம். நடுக்கம் வரும்போது வலது காலை ஆக்ஸிலரேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கை ‘தொட்டும் தொடாமலும்’ அழுத்துங்கள். பின் விளக்கு எரிந்தால் போதும், வண்டி வேகம் குறையக் கூடாது. பிரேக் சிக்னல் போனதுமே கண்ட்ரோல் யூனிட் லாக்கப்பை விடுவித்துவிடும். ஆர்பிஎம் முள் நூறு இருநூறு ஏறி, அதே நொடியில் நடுக்கம் நின்றால், குற்றவாளி லாக்கப்தான். இடது கால் பழக்கமில்லாதவர்களுக்குக் கால் கனமாக விழுந்துவிடும், எச்சரிக்கை.

நிற்கவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். காலையில் நியூட்ரலில் நிறுத்தி 1,500-லிருந்து 2,500 வரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் உதறினால் அது இன்ஜின். டீசலில், ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் ஒன்று போயிருந்தாலும் குளிரில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒரு சிலிண்டர் எரியாமல் தடுமாறும், வெள்ளைப் புகையும் வரும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர், அதாவது இன்ஜின் மவுன்டிங், கிழிந்திருந்தால் ‘டி’ போட்டு பிரேக்கில் நிற்கும்போதே அதிர்வு இருக்கும், ‘என்’ போட்டால் குறையும். ஆக்ஸில் உள் ஜாயின்ட் தேய்ந்திருந்தால், அழுத்தி மிதிக்கும்போது நடுங்கும், காலை எடுத்ததும் நிற்கும். ஆனால் அதற்குக் குளிரும் சூடும் ஒன்றுதான்.

பலரும் ஏமாறுவது டயரில். யார்டில் மாசக்கணக்கில் அசையாமல் நின்ற பழைய கார்களின் டயர் தரையில் படும் இடத்தில் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும், சூடானதும் உருண்டையாகிச் சரியாகிவிடும். கேட்க உங்கள் புகார் மாதிரியே இருக்கும். வித்தியாசம் ஒன்று: டயர் நடுக்கம் வேகத்தைப் பொறுத்தது, ஆக்ஸிலரேட்டரைப் பொறுத்ததல்ல. காலை முழுசாக எடுத்தாலும் தொடரும்.

லாக்கப் என்று உறுதியானால் முதல் செலவு எண்ணெய். உங்கள் வகை கியர்பாக்ஸில் மொத்தம் சுமார் 7 லிட்டர் இருக்கும். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் அதில் பாதி, மூன்றரை லிட்டர்போலத்தான் வடியும். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். ஒரு முறை மாற்றினால் பாதி புதுசு, இரண்டாம் முறை 75 சதவீதம், மூன்றாம் முறை 87 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் நடுவே 200–300 கி.மீ. ஓட்டுங்கள். இரண்டு முறைக்கு 8 லிட்டர் வாங்கி வைத்தால் சிந்துவதற்கும் அளவு பார்ப்பதற்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

வடிந்ததை அளக்கச் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். வடிந்தது இரண்டரை லிட்டர்தான் என்றால் முன்பே குறைவாக ஓடியிருக்கிறது. முன்னவர் ஆக்ஸில் சீல் மாற்றியபோது வழிந்ததை யாரும் திரும்ப ஊற்றாமல் விட்டிருக்கலாம். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். பழுப்பு கலந்த சிவப்பு என்றால் வயதான எண்ணெய், அவ்வளவுதான். கருத்து, கருகின வாசனை அடித்தால் கிளட்ச் லைனிங் எரிந்திருக்கிறது. டிரெயின் போல்ட் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்துகிற மாதிரி துகள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

இந்த வகைகளில் டிப்ஸ்டிக் இருக்காது. பக்கவாட்டில் ஒரு லெவல் போல்ட் இருக்கும். வண்டி நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டு, எண்ணெயின் சூட்டை ஒர்க் ஷாப் கம்ப்யூட்டர் ஸ்கேனர் 50–60 டிகிரி என்று காட்டும்போது அதைத் திறந்தால், நூல் மாதிரி மெல்லிசாக வழிய வேண்டும். அதற்கு முன் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘பி’-யிலிருந்து ‘டி’ வரை ஒவ்வொன்றிலும் இரண்டு விநாடி நிறுத்தி, அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். டிகிரி எண் மாடலுக்கு மாடல் மாறும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ‘வழியுது சார், ஃபுல்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

இரண்டு முறை மாற்றி, ஐநூறு அறுநூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நடுக்கம் குறைந்திருந்தால் மூன்றாவதையும் செய்துவிடுங்கள். துளியும் குறையவில்லை என்றால் லாக்கப் லைனிங் கண்ணாடி மாதிரி வழவழத்துவிட்டது என்று அர்த்தம். அந்த முடிவுக்கு வரும் முன் லாக்கப்பை இயக்கும் மின் வால்வை, அதாவது சோலனாய்டை, சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் பி0741 போன்ற பிழைக் குறியீடு இருந்தால் கட்டாயம். லைனிங்தான் என்று உறுதியானாலும் மாற்ற வேண்டியது கன்வெர்ட்டரை. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் அதைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் வேறு வேறு பில்.

கன்வெர்ட்டர் மாற்றும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். கியர்பாக்ஸ் வாயில் கன்வெர்ட்டரை வைத்துச் சுற்றும்போது ‘டக்... டக்’ என்று படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். கடைசிப் படி ஆயில் பம்பின் பல்லில் உட்காருவது. இன்ஜினோடு சேர்த்த பிறகும், போல்ட் முறுக்கும் முன்பு, கன்வெர்ட்டர் கையால் சுற்றும்படி, சில மில்லிமீட்டர் இடைவெளியோடு இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் பம்ப் உடையும். புது எண்ணெயும் புது கன்வெர்ட்டரும் முதல் ஸ்டார்ட்டிலேயே வீண். முன் பம்ப் சீலையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

கே: எனக்குக் காலையில் ‘பி’-யிலிருந்து ‘டி’ போட்டால் மூன்று நான்கு விநாடி ஒன்றுமே நடக்காது. பிறகு ‘தட்’ என்று விழுந்து, ஒரு உதறலோடு கிளம்புகிறது. பகலில் நிறுத்தி எடுத்தால் இல்லை. அதே டார்க் கன்வெர்ட்டர் வகைதான். — வாசகர், ஓசூர்

ப: மேலே உள்ள நோய் வேறு, இது வேறு. கோத்தகிரி வண்டியில் பூட்டு நடுங்குகிறது. உங்கள் வண்டியில் அழுத்தமே தாமதமாக வருகிறது. கியர் விழ ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஆகலாம். இரண்டைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் எண்ணெய் மட்டம். குளிரில் எண்ணெய் சுருங்கி மட்டம் இன்னும் இறங்கும். விளிம்பில் இருக்கும் மட்டம் காலையில் குறைந்து, சூடானதும் விரிந்து சரியாகிவிடும். பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுவதால்தான் அந்த உதறல். அடைத்த ஃபில்டரும் இதையே செய்யும், கெட்டி எண்ணெயை அதன் வழியே இழுக்க முடியாது. உங்கள் கியர்பாக்ஸின் அடியில் கழற்றக்கூடிய எண்ணெய்த் தட்டு இருந்தால் ஃபில்டரையும் காஸ்கெட்டையும் மாற்றலாம். சில வகைகளில் ஃபில்டர் உள்ளே புதைந்திருக்கும், பெட்டியைப் பிரிக்காமல் கை எட்டாது. மட்டமும் சரி, எண்ணெயும் புதுசு என்றால், இரவெல்லாம் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது, அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போய்ச் சூடாகும்வரை கசிகின்றன. இறுகிய சீலைப் புது எண்ணெய் இளக்காது. இது முற்றும்வரை காத்திருந்தால் வழுக்கும் கிளட்சுகளும் சேர்ந்து எரியும்.

அதுவரை ஸ்டார்ட் செய்ததும் ‘பி’-யிலேயே அரை நிமிடம் விட்டு, ‘டி’ விழுந்தது தெரிந்த பிறகே மிதியுங்கள். விழாத கியரில் உறுமவிட்டு, அது திடீரென்று பிடிப்பதுதான் கியர்பாக்ஸுக்கு எமன்.

கே: ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்கிறது கையேடு. ‘இவ்வளவு நாள் மாற்றாததை இப்போது மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்கிறார் மெக்கானிக். ஓடியது 1,10,000 கி.மீ. யார் சொல்வது சரி? — வாசகி, மதுரை

ப: கையேட்டிலேயே இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் பாருங்கள். ‘கடுமையான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருந்தால், நகர நெரிசல், அதிக வெப்பம், தூசி, மலைப்பாதை எல்லாம் அதில்தான் வரும். மதுரையில் மே மாதம் ஓடும் வண்டி அதில் சேராமல் வேறு எது சேரும்? எங்கள் கணக்கு 50,000–60,000 கி.மீ.க்கு ஒரு முறை.

மெக்கானிக் பயப்படுவதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்கும் கியர்பாக்ஸில், மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்தால், அடியில் படிந்த கசடு கிளம்பி எண்ணெயைக் கிளட்சுகளுக்குப் பங்கிடும் வால்வ் பாடியின் நுண்துளைகளில் போய் அடைக்கும். அதனால் மெஷின் வேண்டாம், வடித்து ஊற்றும் முறை போதும். ஆனால் எண்ணெய் கருகி, கியர் விழும்போதெல்லாம் வழுக்குகிற வண்டிக்கு எண்ணெய் மாற்றி எந்தப் பயனும் இல்லை. அது முன்பே போய்விட்டது. பழி மட்டும் புது எண்ணெய் மேல் விழும்.

எண்ணெய் ரோஸ் மில்க் மாதிரி கலங்கி வந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் உள்ளே வந்திருக்கிறது. லாக்கப் லைனிங்கும் கிளட்ச் லைனிங்கும் காகித நாரை ஒட்டிச் செய்தவை. தண்ணீரில் அவை உரிந்துவிடும். ரேடியேட்டரை மாற்றிப் பல முறை கழுவினாலும், நீண்ட தூரம் ஓடிவிட்ட வண்டிக்குக் கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கே: ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும்’ என்று டப்பாவில் போட்ட எண்ணெயை ஊற்றிய பிறகுதான் நடுக்கமே ஆரம்பித்தது. இதற்கு ஒரு சின்ன பாட்டில் மருந்து ஊற்றினால் நிற்குமாம். ஊற்றலாமா? — வாசகர், திருச்சி

ப: முதலில் அந்த எண்ணெயை வெளியே எடுங்கள். ஹூண்டாய், கியா ஆறு கியருக்கு எஸ்பி-4, டொயோட்டாவின் புதிய டார்க் கன்வெர்ட்டர் வகைகளுக்கு டபிள்யூஎஸ், ஹோண்டாவின் புதிய சிவிடிக்கு (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் வகை) எச்சிஎஃப்-2, நிஸான் சிவிடிக்கு என்எஸ்-3 என்று தனித்தனி எண்ணெய் இருப்பது வியாபார தந்திரம் மட்டும் அல்ல. ஒவ்வொரு லைனிங்குக்கும் ஏற்ற உராய்வும் பாகுத்தன்மையும் வேறு. பாட்டில் மருந்தில் இருப்பது அந்த உராய்வுச் சேர்மானமே. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் சில நாளோ சில மாதமோ நடுக்கத்தை அடக்கும், உண்மைதான். விற்பவர் ஊற்றிவிட்டு விற்பதற்கும் அது ரொம்ப வசதி. சிவிடியில் ஒருபோதும் வேண்டாம்: அங்கே இரும்பு பெல்ட் புல்லியைப் பிடித்துத்தான் ஓடுகிறது, வழுக்கவைத்தால் இரண்டிலும் கீறல் விழும்.

கே: ஏஎம்டி ஹேட்ச்பேக். மழைக்காலத்தில் மட்டும், காலையில் முதல் இரண்டு மூன்று சிக்னலில் கிளம்பும்போது நடுங்குகிறது. — வாசகி, வேளச்சேரி

ப: ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் மெஷின் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ராத்திரி நின்ற வண்டியின் ஃப்ளைவீல் மேல் மெல்லிய துரு படியும், பிளேட்டிலும் ஈரம் ஏறும். நாலு தடவை கிளம்பினால் தேய்ந்து போய்விடும். செலவு எதுவும் வேண்டாம். சூடான பிறகும், வெயில் நாளிலும் நடுங்கினால்தான் கிளட்ச் செட், கிராங்க்கின் பின்பக்க சீலில் எண்ணெய்க் கசிவு, இன்ஜின் மவுன்டிங் என்று பார்க்க வேண்டும். கிளட்ச் மாற்றினால் புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் கிளட்ச் அடாப்டேஷனையும் ஸ்கேனரில் செய்யச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் புது பிளேட்டும் உதறும்.

கே: ஏழு கியர், உலர் இரட்டை கிளட்ச் பழைய கார் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். நடுக்கம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? — வாசகர், சேலம்

ப: விற்பவரிடம் ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிரில் தெரியும் குறையை மறைக்கச் சுலபமான வழி இருபது நிமிடம் ஓட்டி வைப்பது.

குளிரில் ஸ்டார்ட் செய்து, ஆர்பிஎம் இறங்கி நின்றதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு ஊர்ந்து பாருங்கள். அப்படியே ரிவர்சிலும். பரவலாக உள்ள ஃபோக்ஸ்வாகன் குழும ஏழு கியர் உலர் (எண்ணெயில் ஊறாத) கிளட்ச் பெட்டியில் ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களையும், மற்றது 2, 4, 6, ரிவர்ஸையும் பிடிக்கிறது. முன்னால் கிளம்பும்போது மட்டும் நடுங்கி ரிவர்சில் வழுவழுப்பாக இருந்தால் முதல் கிளட்ச். ரிவர்சிலும், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும் நடுங்கினால் இரண்டாவது. எதுவானாலும் செட்டாகத்தான் மாற்றுவார்கள், விலை பேசும்போது அதை மனதில் வையுங்கள்.

இந்த வகை குளிரைவிடச் சூட்டில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு ஒரு மேட்டில் நிறுத்தி, மறுபடி ஊர்ந்து பாருங்கள். கியர் விளக்கு மின்னினாலோ, ஒற்றைப்படை கியரோ இரட்டைப்படை கியரோ மொத்தமாக விழாமல் போனாலோ, அது பெரும்பாலும் கிளட்ச் இல்லை, கியரையும் கிளட்சையும் இயக்கும் மெகட்ரானிக் யூனிட். அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.